இச்சகப் பிரியர் என்று ஒரு பட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராசா இருந்தார். அவர் பெயர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். பெயருக்கு முன்னால் நாற்பத்தேழு பட்டங்கள். அத்தனையையும் சொல்லி முடித்த பிறகுதான் பெயரைச் சொல்லலாம் என்று சட்டம். அதற்குள் உங்களுக்குப் பசி எடுத்துவிடும், எனக்குத் தொண்டை கட்டிவிடும். வெறும் ராசா என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த மாதிரிக் கதையில் ராசா சிரிப்பார், விகடன் பரிசு வாங்குவான், கேட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். இதிலும் அதெல்லாம் உண்டு. ஆனால் இதைச் சொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ராசாவுக்குப் பட்டம் கட்டியபோது வயது ஐந்து. பிரதானியும் புலவர்களும் சேர்ந்து அவரை வளர்த்தார்கள். வளர்த்த லட்சணத்தைக் கேளுங்கள். ராசாவின் காதில் விழக்கூடாத சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். தோல்வி என்ற சொல் அதில் இருந்தது. படை அடிவாங்கி ஓடிவந்தால், "நம் சேனை சீக்கிரமே திரும்பிவிட்டது அரசே" என்பார்கள். நரை என்ற சொல் இருந்தது. காதோரம் முடி வெளுத்தபோது, "வெள்ளி பூத்திருக்கிறது" என்றார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அந்தச் சொற்கள் வரும் ஏடுகளை உருவி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். அப்படி எரிந்துபோன சொற்களில் ஒன்று இச்சகம்.

காக்கா பிடிக்கிறான், ஜால்ரா தட்டுகிறான், ஐஸ் வைக்கிறான், சோப்பு போடுகிறான் என்றெல்லாம் இன்றைக்கு நாம் சொல்கிறோம் அல்லவா? அந்தக் காலத்தில் அதற்கு இச்சகம் பேசுவது என்று பெயர். ராசாவுக்கு நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தச் சொல் தெரியாது. காலையில் கண் விழித்ததிலிருந்து அவர் காதில் விழுந்ததெல்லாம் அதுதான், அதற்குப் பெயர் மட்டும் தெரியாது.

ஒருநாள் ராசா யானைமேல் ஏறிச் சந்தைத் தெரு வழியாக வந்தார். புளி விற்கிற ஒருத்தி தன் எதிரே குழைந்துகொண்டு நின்ற ஒருவனைப் பார்த்து, "இந்த இச்சகப் பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம், தள்ளிப் போய்யா" என்று கத்தினாள். ராசாவுக்கு அந்தச் சொல்லின் ஓசை பிடித்துப் போயிற்று. இச்சகம், இச்சகம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அரண்மனைக்கு வந்தார். மறுநாள் சபை கூடியதும் கேட்டார்.

"புலவரே, இச்சகம் என்பதன் பொருள் என்ன?"

தலைமைப் புலவர் அம்பலக்கூத்தர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி அழகிய நம்பியார் கூரையைப் பார்த்தார். அறுபது பேர் இருந்த சபை. அறுபது பேருக்கும் பொருள் தெரியும். ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து "அரசே, அது நல்ல சொல் இல்லை" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அம்பலக்கூத்தர் எழுந்தார். "அரசே! இச்சகம் என்பது பேரரசர்களின் பெருமையை உள்ளது உள்ளபடி எடுத்துரைக்கும் அரிய கலை. சிற்றரசர்களுக்கு அது வாய்ப்பதில்லை."

"சந்தையில் புளி விற்பவள் அல்லவா அந்தச் சொல்லைச் சொன்னாள்?"

"தங்கள் ஆட்சியில் புளி விற்பவளும் செந்தமிழ் பேசுகிறாள் அரசே."

ராசா மகிழ்ந்துபோனார். "அப்படியானால் இந்தச் சபையில் இச்சகம் பேசத் தெரிந்தவர்கள் யார் யார்?"

பிரதானி சட்டென்று எழுந்தார். "நாங்கள் அனைவரும் அரசே! தங்கள் முன்னிலையில் நாங்கள் இச்சகத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை."

அந்த மனிதர் தம் ஆயுளில் சபையில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அந்தச் சபையில் விகடன் செவ்வந்தியானும் உட்கார்ந்திருந்தான். ராசாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. பிரதானிக்கும் புலவருக்கும் அவனைக் கண்டால் ஆகாது. ராசா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார் என்று பொறாமை. அன்றைக்குச் செவ்வந்தியானும் வாயைத் திறக்கவில்லை. அவன் கதாநாயகன் என்பதற்காக நான் இதை மறைக்கப்போவதில்லை. நாலு நாள் கழித்துச் சொல்லிச் சிரிக்க நல்ல வேடிக்கை கிடைத்தது என்று மடியில் முடிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டான்.

ராசா உத்தரவு போட்டார். அரண்மனைச் சொல்லேட்டில் இச்சகம் என்ற சொல்லையும் புலவர் சொன்ன பொருளையும் எழுதச் சொன்னார். நாற்பத்தெட்டாவது பட்டமாக 'இச்சகப் பிரியர்' என்பதைச் சூடிக்கொண்டார். அந்தப் பட்டத்தைப் பத்து முழக் கல்லில் வெட்டிக் கிழக்கு வாசலில் நட வேண்டும் என்றார். அண்டை நாட்டு வணிகர்களெல்லாம் ஊருக்குள் நுழைகிற வாசல் அது.

கல் வெட்டும் வேலை வைரவன் ஆசாரியிடம் வந்தது. அவன் கல்தச்சன். எழுத்து வெட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. ஓலையை வாங்கிப் படித்தான். மறுபடியும் படித்தான். உளியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"ஏன் ஆசாரி, கல் சரியில்லையா?" என்று கேட்டான் ஓலை கொண்டுவந்த சேவகன்.

"கல்லு தேவலை. ஓலையில இருக்கறதுதான் சரியில்ல. இதை நான் வெட்ட மாட்டேன். ராசாகிட்டப் போய் வேற ஓலை வாங்கிட்டு வாங்க."

சேவகன் ராசாவிடமா போவான்? பிரதானியிடம் போனான். பிரதானி ராசாவிடம் போனார். போய் என்ன சொன்னார் தெரியுமா? "அரசே, அந்தப் பட்டத்துக்குத் தாங்கள் தகுதியற்றவர் என்று ஒரு கல்தச்சன் சொல்கிறான்."

ராசாவின் முகம் சிவந்தது. எந்தக் கை வெட்ட மறுத்ததோ அந்தக் கையின் கட்டைவிரலை எடுங்கள் என்றார். அண்டை நாட்டிலிருந்து வேறு தச்சன் வந்து வெட்டட்டும், கல் நடுகிற அன்றைக்கு அந்தக் கல்லின் முன்னாலேயே விரலை எடுக்கலாம் என்று பிரதானி நாள் குறித்தார். இருபதாவது நாள். அதுவரை சிறை. கட்டைவிரல் போன கல்தச்சன் எதைப் பிடித்துப் பிழைப்பான்? பிச்சை எடுக்கத் திருவோட்டைப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

பிரதானி அதோடும் விடவில்லை. செவ்வந்தியான் என்றைக்காவது ராசாவின் காதில் உண்மையைப் போட்டுவிடுவானோ என்று அவருக்குப் பயம். அதனால் இன்னொரு சட்டத்துக்கும் முத்திரை வாங்கினார். சொல்லேட்டில் ஏறியதுதான் பொருள். இச்சகம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் சொல்கிற நாக்கு அறுக்கப்படும். செவ்வந்தியானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதைச் சபையில் உரக்க வாசித்தார்.

ஊரில் முரசறைந்தார்கள். அன்றுவரை நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த ஊர் அது. ஒரே பொழுதில் ஊருக்கே அந்தச் சொல் மறந்துபோயிற்று. வைரவனின் மனைவி ஆவுடையாள் கோயில் தர்மகர்த்தாவிடம் போனாள், ஊர்ப் பெரியவர்களிடம் போனாள், வியாபாரிகளிடம் போனாள். "ராசாகிட்ட அர்த்தத்தை மட்டும் சொல்லிருங்க" என்று கெஞ்சினாள். "எனக்கு அர்த்தம் தெரியாதே அம்மா" என்று எல்லாரும் கையை விரித்தார்கள். வைரவன் வெட்டிய கல்லைத் தங்கள் தங்கள் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் அவர்கள். புளிக்காரிகூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு சந்தைக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், மற்றவர்களை நினைத்தால்தான் வாயில் நல்ல வார்த்தை வர மறுக்கிறது.

பதினெட்டாவது நாள் ஆவுடையாள் செவ்வந்தியான் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவன் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் ராசாவைச் சிரிக்க வைக்கிறவுகளா?"

"ஆமாம் தாயி. நீ யாரு?"

"விரலை வெட்டப் போறாகளே வைரவ ஆசாரி, அவரு பொஞ்சாதி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புலவரு அந்தப் பொய்யைச் சொன்னப்ப நீங்க சபையில இருந்தீகளா?"

"இருந்தேன்."

"அர்த்தம் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப என்ன செஞ்சீக?"

செவ்வந்தியான் துண்டைத் தோளில் போட்டான். "உள்ளுக்குள்ள சிரிச்சேன் தாயி" என்றான்.

"நல்லாச் சிரிச்சீக. உங்க சிரிப்புக்கு எங்க வீட்டு விரலா?"

"ராசா கோபம் தணிஞ்சதும் விட்டுடுவாருன்னு நினைச்சேன்."

"நீங்க நினைச்சீக, ஊரு நினைச்சுச்சு. எல்லாரும் வீட்ல உக்காந்து நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தீக. அவரு அங்க கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. நாளைக் கழிச்சு வெட்டிருவாக."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திரும்பி நடந்துவிட்டாள். செவ்வந்தியான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தன்மேல் வந்த கோபத்தில் துண்டைக் கிழித்தான். பிறகு உட்கார்ந்து யோசித்தான். வேறு பொருள் சொன்னால் நாக்குப் போகும். சரி, வேறு பொருள் சொல்லவே வேண்டாம். புலவர் சொன்ன பொருளையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தான்.

மறுநாள் சபை. பிரதானியின் மகளுக்கு அண்டை நாட்டுத் தளபதி வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். தளபதி அன்றைக்கு விருந்தாளியாக வந்து சபையில் ராசாவின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டுப் பட்டங்களையும் கட்டியக்காரன் சொல்லி முடித்தான். 'இச்சகப் பிரியர்' என்று முடிந்தபோது தளபதிக்கு இருமல் வந்தது, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செவ்வந்தியான் எழுந்தான். "அரசே, ஒரு விண்ணப்பம். இந்தச் சபையில் பெரிய அநீதி நடக்கிறது."

"என்ன அநீதி?"

"இச்சகம் என்பது அரிய கலை என்று புலவர் சொன்னார். சொல்லேட்டிலும் ஏறிவிட்டது. அதை நுகர்கிற தங்களுக்குப் பட்டம் கிடைத்தது. அதை நாள்தோறும் பேசிப் பேசித் தொண்டை வற்றிப்போகிற இவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. அள்ளிப் போட்டவர்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தின்றவர் மட்டும் மாலை போட்டுக்கொள்வது நியாயமா?"

ராசா யோசித்தார். "நியாயமில்லைதான்."

"ஆகவே இவர்களுக்கும் பட்டம் தர வேண்டும். புலவருக்கு 'இச்சகச் சக்கரவர்த்தி'. பிரதானிக்கு 'இச்சகத்தாலேயே உயர்ந்தவர்'. தங்களுக்குக் கிழக்கு வாசலில் ஒரு கல் என்றால், இவர்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒரு கல். யானைமேல் ஏற்றி, முரசறைந்து, நாலு தெருவிலும் பட்டத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சம்பந்தி வீட்டார் ஊரிலும் ஒருமுறை அறைந்துவிட்டு வந்தால் நல்லது."

"நல்ல யோசனை!" என்றார் ராசா. "இது எனக்கு ஏன் தோன்றவில்லை?"

புலவர் பதறி எழுந்தார். "அரசே, அடியேன் அந்தப் பட்டத்துக்குத் தகுதியற்றவன்."

"அடக்கம் வேண்டாம் புலவரே. நீங்கள் பேசுவதெல்லாம் இச்சகம்தான் என்று இதே இடத்தில் நின்று சொன்னீர்களே."

"சொன்னவர் பிரதானி, அரசே!"

"எல்லாரும் என்றுதானே சொன்னேன்" என்றார் பிரதானி.

செவ்வந்தியான் அடுத்ததைப் போட்டான். "அரசே, அண்டை நாட்டுத் தச்சன் இன்னும் வந்து சேரவில்லை. சிறையில் இருக்கிற வைரவனையே கொண்டுவந்து இந்தக் கற்களை வெட்டச் சொல்லலாம்."

"எனக்கே வெட்ட மறுத்தவன் அவன். இவர்களுக்கு வெட்டுவானா?"

"கேட்டுப் பார்க்கலாமே."

வைரவனைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள். தாடி வளர்ந்து, கண் குழிந்து, இடுப்புத் துணி நழுவ நழுவ நின்றான். செவ்வந்தியான் இரண்டு பட்டங்களையும் எழுதி வைத்திருந்த ஓலையை அவன் கையில் கொடுத்தான். வைரவன் படித்தான். புருவத்தை உயர்த்தினான்.

"இது யாரு வாசல்ல நடணும் சாமி?"

"இது பிரதானி வீட்டு வாசலில். அது புலவர் வீட்டில்."

"கருங்கல்லா, சுண்ணாம்புக் கல்லா?"

"உனக்கு எது வசதி?"

"கருங்கல்லுல வெட்டுனா மழைக்கு அழியாது. பேரன் பேத்தி காலம் வரைக்கும் வாசிக்கலாம்." விலங்கு மாட்டிய கைகளை நீட்டினான். "இதைக் கழட்டச் சொல்லுங்க, இப்பவே ஆரம்பிச்சுருதேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டையும் முடிச்சுருவேன். கூலி வேண்டாம்."

ராசாவின் நெற்றி சுருங்கியது. ஒரே சொல். எனக்கு வெட்டச் சொன்னால் விரலே போனாலும் மாட்டேன் என்கிறான். அவர்களுக்கு என்றால் கூலி இல்லாமல் வெட்டுகிறேன் என்கிறான். பட்டம் வேண்டும் என்று நாயாய் அலைகிற புலவர் வேண்டாம் என்கிறார், பிரதானி நழுவுகிறார். ராசா முட்டாள் இல்லை. முப்பத்தேழு வருடம் பஞ்சணையில் வைத்துப் பூட்டியிருந்த மூளை அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தது.

"யானையைக் கொண்டுவாருங்கள்" என்றார் ராசா, பிரதானியைப் பார்த்துக்கொண்டே. "முரசறைபவன் இங்கேயே ஒருமுறை சொல்லிக் காட்டட்டும்."

முரசறைபவன் வந்து, செவ்வந்தியான் காதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, முரசை ஓங்கித் தட்டினான். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்நாட்டுப் பிரதானி அழகிய நம்பியார், இச்சகம் பேசுவதில் ஈடு இணையற்றவர், இச்சகத்தாலேயே உயர்ந்தவர், அவர் வீட்டில் பெண் எடுப்பவர்கள்..."

"நிறுத்து!" என்று கத்தினார் பிரதானி.

அண்டை நாட்டுத் தளபதி எழுந்து நின்றுவிட்டார். "பிரதானியாரே, சம்பந்தத்தைப் பற்றி நாங்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது" என்றார். அவர் வேற்று நாட்டவர். இருந்தாலும் நாக்கைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிரதானி ஓடிவந்து ராசாவின் காலில் விழுந்தார். "அரசே, அந்தக் கல் மட்டும் வேண்டாம். என் மகள் வாழ்க்கை போய்விடும்."

"பேரரசர்களின் பெருமையைச் சொல்லும் அரிய கலையால் உன் மகள் வாழ்க்கை எப்படிப் போகும்? இச்சகம் என்றால் என்ன?"

பிரதானி ராசாவின் காலை விடவில்லை. "சொல்ல முடியாது அரசே. சொன்னால் நாக்கை அறுக்கச் சட்டம் இருக்கிறது."

"யார் போட்ட சட்டம்?"

"அடியேன் எழுதி வாங்கியது."

செவ்வந்தியான் கைகட்டி நின்றான். "அரசே, பிரதானியாருக்கு இரண்டில் ஒன்று. வாசலில் கல், அல்லது வாயில் கத்தி. அவரே எடுத்துக்கொள்ளட்டும்."

பிரதானி தரையில் கிடந்து விசும்பினார். எனக்கு இரக்கம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சிறையில் கிடந்தவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ராசா அந்தச் சட்டத்தை எடுத்துவரச் சொல்லித் தன் கையாலேயே கிழித்தார். "இப்போது சொல்."

"இச்சகம் என்றால்..." பிரதானி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தன் காரியம் நடப்பதற்காக, எதிரே இருப்பவர் மனம் குளிரும்படி, பொய் என்று தெரிந்தே புகழ்ந்து பேசுவது."

ராசா எழுந்து வைரவன் எதிரே வந்து நின்றார்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம எப்படி? எங்க தெருவுல நாய்க்கும் தெரியும்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்ட வர எங்க விட்டாக? வேற ஓலை வாங்கிட்டு வாங்கன்னுதான் சொல்லியனுப்புனேன்."

"பேசாமல் வெட்டிக் கொடுத்திருக்கலாமே. விரல் போகிற நிலை வந்திருக்காதே. என்மேல் உனக்கு அவ்வளவு பற்றா?"

வைரவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "உங்க மேல பத்தெல்லாம் இல்லீக. எங்க அப்பன் வெட்டுன கல்லு எழுவது வருசமா நிக்கி. நான் வெட்டுறதும் நிக்கும். வாரவன் போறவன் எல்லாம் வாசிச்சுச் சிரிப்பான். உங்களைப் பாத்துச் சிரிச்சா அது உங்க பாடு. எவன்டா இதை வெட்டுனவன்னு என்னையும்ல சேத்துச் சிரிப்பான்."

ராசாவுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் வாசலில் காவலர்களின் சத்தம் கேட்டது. ஆவுடையாள் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். புருசனை விலங்கோடு சபைக்கு இழுத்துப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, விரலை எடுக்கத்தான் என்று நினைத்து ஓடிவந்தவள். அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. பிறகுதான் ராசாவைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குப் பொருள் தெரியாமல் போய்விட்டது. இப்போதுதான் தெரிந்தது" என்றார் ராசா.

"மகாராசா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்."

"ஒரு மனுசன் தன் விரலு போனாலும் சரி, இதை வெட்ட மாட்டேன்னு சொல்றான். நல்ல வார்த்தைக்கா ஒருத்தன் அப்படிச் சொல்லுவான்? அன்னிக்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலையா?"

புலவர் அவளை அதட்ட எழுந்தார். ராசா கையைக் காட்டி உட்கார வைத்தார். சபையில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"வந்தது" என்றார். "அன்றைக்கே வந்தது. கேட்க மனமில்லை. பட்டம் காதுக்கு இனிப்பாக இருந்தது."

"உங்க காது இனிச்சுது. இவரு பத்தொன்பது நாளு உள்ள கிடந்தாரு."

ராசா திரும்பினார். சொல்லேட்டைக் கொண்டுவரச் சொன்னார். புலவர் எழுதிய பொருளை அடித்துவிட்டுப் பிரதானி சொன்ன பொருளை எழுதச் சொன்னார். சொல்லேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதை ஆளும் விதத்தைக் காட்ட ஒரு வாக்கியம் எழுதுவது வழக்கம். "வாக்கியம் என்ன எழுதட்டும் அரசே?" என்று எழுத்தாணியை எடுத்துக்கொண்டே கேட்டார் அம்பலக்கூத்தர்.

"எழுதும்" என்றார் ராசா. "ஒரு கல்தச்சன் பத்தொன்பது நாள் சிறையில் கிடந்தான்; ராசா இச்சகம் கேட்டுக்கொண்டிருந்தார்."

புலவரின் எழுத்தாணி ஓலையில் கீறுகிற சத்தம் சபை முழுக்கக் கேட்டது.

விலங்கைக் கழற்றினார்கள். வைரவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். ஆவுடையாள் அவன் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் திரும்பி வாசலை நோக்கி நடந்தார்கள். கும்பிடவில்லை, வாழ்த்தவில்லை, நாற்பத்தெட்டில் ஒரு பட்டத்தைக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சபையிலிருந்து வெளியே போகிறவர்கள் ராசாவைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் அடியெடுத்து வைத்துத்தான் போக வேண்டும். அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருக்கமாட்டார்கள்.

"முதுகு! அரசருக்கு முதுகைக் காட்டிப் போகிறார்கள்!" என்று பதறினார் பிரதானி.

"போகட்டும்" என்றார் ராசா. இரண்டு முதுகையும் அவை தெருவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பத்தேழு வருடமாக இந்தச் சிங்காசனத்தில் இருக்கிறேன். மனிதர்களுக்கு முதுகு உண்டு என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அம்பலக்கூத்தரால் சும்மா இருக்க முடியவில்லை, பாவம், பழக்கம். "ஆகா! முதுகைக் கண்டும் சினவாத பொறுமைக் கடலே!" என்று ஆரம்பித்துவிட்டார்.

ராசா அவரைப் பார்த்தார். சொல்லேட்டைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். முதலில் வாய்க்குள் சிரித்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிங்காசனத்தின் கைப்பிடியில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். ராசா சிரித்தால் சபையும் சிரிக்க வேண்டும் அல்லவா? அறுபது பேரும் சிரித்தார்கள். செவ்வந்தியான் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ ஏன் சிரிக்கவில்லை?"

"முதல் நாளே சிரித்துவிட்டேன் அரசே. இவர்கள் பொய் சொன்னபோது நானும் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். அந்தப் பத்தொன்பது நாளில் எனக்கும் பங்கு உண்டு."

ராசாவின் சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "உனக்குக் கொடுப்பது கல்லைச் சொன்னதற்காக இல்லை, இதைச் சொன்னதற்காக" என்றார். இவ்வளவு பெரிய மாலையை வாங்குகிறவன் குறைந்தது பத்து வாழ்த்தாவது சொல்ல வேண்டும். சபை காத்திருந்தது. புலவர் அவனுக்கு அடியெடுத்துக் கொடுக்கக்கூடத் தயாராக இருந்தார்.

"சரி" என்றான் செவ்வந்தியான். மாலையை மடியில் கட்டிக்கொண்டு, ராசாவுக்கு முதுகைக் காட்டி, ஆவுடையாளும் வைரவனும் போன வழியே வேகமாக நடந்தான். ராசா மறுபடியும் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.